ரேடியோ தானா கூப்பிடுமா?

போன செமஸ்டர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்க கிளப் ரூம்ல, லைசென்ஸ் வச்சிருக்கிற சீனியர் அண்ணன் ஹைதராபாத்ல இருக்கிற ஒரு நண்பரை 14 மெகாஹெர்ட்ஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். ஒரு மணி நேரம் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில செல்போன்ல பேசினா, அவர் 7 மெகாஹெர்ட்ஸ்ல எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்! செல்போன் இருந்ததால தெரிஞ்சது. புயல்ல டவர் எல்லாம் விழுந்த நாளா இருந்தா?

தப்பு யார் மேலயும் இல்லை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தொலைதூரம் போகுது. எந்த அலைவரிசை எவ்வளவு தூரத்தில் இறங்கும் என்பது நேரம், பருவம், சூரியனின் மனநிலை எல்லாத்தையும் பொறுத்தது. அன்னைக்கு எங்க 14 மெகாஹெர்ட்ஸ் அலை ஹைதராபாத் தலைக்கு மேல பறந்து எங்கேயோ தள்ளி இறங்கியிருக்கும். பழகின ஆபரேட்டருக்கு இது கைவந்த கலை. நமக்கு?

இதுக்கு விடைதான் ஏஎல்இ, அதாவது தானாகவே இணைப்பை ஏற்படுத்தும் முறை. முதல்ல ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தது. ஒருத்தர் ரேடியோ இன்னொருத்தர் ரேடியோவோட பேசாது. 1988-ல அமெரிக்க ராணுவத் தரம் 188-141ஏ வந்து எல்லாரையும் ஒரே பாஷை பேச வச்சது. பிறகு சார்லஸ் பிரெய்ன் என்ற ஹாம் எழுதின பிசி-ஏஎல்இ மென்பொருள் வந்ததும், சாதாரண ரேடியோவும் கம்ப்யூட்டரோட சவுண்ட் கார்டும் இருந்தாலே போதும்னு ஆச்சு.

வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. ரேடியோ சும்மா இருக்கும்போது தன் சேனல்களை நொடிக்கு 2 அல்லது 5 வீதம் சுத்திச் சுத்திக் கேட்கும். 10 சேனல், நொடிக்கு 5 என்றால் ஒரு சுற்றுக்கு 2 நொடி. அதனால கூப்பிடுறவர் ஒரே சேனல்ல 2 நொடிக்கு மேல பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லணும். அப்பதான் எதிராளி அந்தப் பக்கம் வரும்போது காதில் விழும். அப்புறம் நம்ம வீட்டு போன் கதைதான்: "ஹலோ, கேக்குதா?" "கேக்குது, உங்களுக்கு?" "கேக்குது, சொல்லுங்க." இந்த மூணு படி முடிஞ்சாதான் இணைப்பு. இல்லைன்னா அடுத்த சேனல்.

எனக்குப் பிடிச்சது கோடிங் பகுதி. 750 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை 8 ஸ்வரங்கள். ஒவ்வொண்ணும் 8 மில்லிசெகண்ட், 3 பிட். ஒரு சொல் 24 பிட்: வகையைச் சொல்ல 3, மூணு எழுத்துக்கு 21. அதை இரண்டா வெட்டி கோலே கோடு போட்டா 48 பிட். கூட ஒரு பிட் சேர்த்து 49, அதை மூணு தடவை அனுப்பினா 147. மூணு பிரதியிலும் பெரும்பான்மை ஓட்டு எடுத்து, மிச்சப் பிழையைக் கோலே சரிபண்ணும். மூணே எழுத்தைச் சொல்ல 392 மில்லிசெகண்ட்! வாட்ஸ்அப் தலைமுறைக்கு இது ஆமை வேகம். ஆனா பேச்சு புரியறதே கஷ்டமா இருக்கிற இரைச்சல்லயும் இது பெரும்பாலும் தப்பிச்சு வந்துடும். ஐந்தாம் செமஸ்டர்ல கோலே கோடு எதுக்குன்னு கேட்டவங்களுக்கு, இதுக்குத்தான்.

எந்த சேனலை முதல்ல முயற்சி பண்றது? நிலையங்கள் அவ்வப்போது "நான் இங்க இருக்கேன்"னு குரல் கொடுக்கும். கேட்டவங்க எந்தச் சேனல்ல எவ்வளவு தெளிவுன்னு குறிச்சு வச்சுப்பாங்க. அந்த அட்டவணையில் மேலே இருக்கிறதுதான் முதல் முயற்சி. அவர் குரல் எனக்குக் கேட்டா என் குரலும் அவருக்குக் கேட்கும்னு உத்தரவாதம் இல்லை. அவர் பக்கத்து வீட்டு மோட்டார் இரைச்சல் எனக்குத் தெரியாதே. அதனாலதான் மூணு படி.

பழைய ஹாம்களுக்கு இதில் கோபம் உண்டு, அது நியாயமும்கூட. ஹாம் அலைவரிசை எல்லாருக்கும் பொது. ரெண்டு பேர் மோர்ஸில் பேசிக்கிட்டு இருக்கும்போது, ஏஎல்இ ஒலிக்கு மட்டுமே காது கொடுக்கிற இயந்திரம் நடுவுல வந்து கத்தினா யாருக்குக் கோபம் வராது? அனுப்பும் முன் காலியான்னு பார்க்கிற வசதியைச் சேர்க்கலாம்தான். ஆனா எனக்குக் கேட்காத தூரத்தில் இருப்பவரை எந்த மென்பொருளும் பார்க்காது. ஆள் பக்கத்தில் இல்லாம இதை ஓட விடக்கூடாதுங்கிறது என் கருத்து. ஆன்டெனாவும் ஒரு தலைவலி: நொடிக்கு 5 தடவை அலைவரிசை மாறினா டியூனர் பாவம் என்ன செய்யும்? எல்லாத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகிற அகன்ற ஆன்டெனா வேணும். அதில் கொஞ்சம் சக்தி வீணாகும்.

அனுப்ப லைசென்ஸ் கட்டாயம். கேட்டுப் பார்க்க ஆசையா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரை பிரவுசரில் திறந்து, யுஎஸ்பி மோடில் மெதுவா நகர்த்திப் பாருங்க. புல்லாங்குழலை யாரோ அவசரமா ஊதற மாதிரி ஒரு நடுக்கம் திடீர்னு வந்து நின்னா, ஏதோ ஒரு ரேடியோ யாரையோ கூப்பிடுது.