தொண்டைதான் மூலதனம்!

ஆசிரியருக்குத் தொண்டைதான் மூலதனம். அதுவே கரைந்து போனால்? தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் பலரின் பாடு இதுதான்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டு இளைஞர்கள் அங்கே போகிறார்கள். நிறையப் பேருக்கு வேலை, 'ஹக்வோன்' எனும் டியூஷன் மையங்களில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதானே டியூஷன்! பிற்பகலில் தொடங்கினால் முடிய இரவு 9, 10 மணிகூட ஆகிவிடும். சியோலில் 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று விதியே உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை சொல்ல வேண்டும். பாட்டும் பாட வேண்டும். வெளியே ஜனவரிக் குளிர். உள்ளே 'ஒந்தோல்' எனும் தரைச் சூடு. இதமாகத்தான் இருக்கும்; ஆனால் காற்று வறண்டு தொண்டை காய்ந்துவிடும். 'லீவு போட்டால் வகுப்பை யார் எடுப்பது?' என்று கம்மிய குரலோடேயே கத்துவார்கள். அங்கேதான் வினை!

கொரியர்களிடமே இதற்குக் கைவைத்தியம் இருக்கிறது. ஈரத் துண்டை அறைக்குள் காயப்போடுவார்கள். 'போரிச்சா' எனும் வறுத்த பார்லி நீரைத் தண்ணீர் மாதிரிக் குடிப்பார்கள்.

நான் சொல்வது, எந்த ஊர் ஆசிரியருக்கும் பொருந்தும். குசுகுசுவென்று பேசுவது ஓய்வல்ல. அதுவும் தொண்டைக்குச் சிரமமே. மௌனம்தான் மருந்து. ராத்திரி காரசாரமாகச் சாப்பிட்டு உடனே படுக்காதீர்கள். புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். மூன்று வாரமாகியும் கம்மல் தீரவில்லையா? கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!