எல்லைச் சாலை – 9: உள்ளே போயும் ஊமையான ஜீன்

ஹீமோஃபிலியா உள்ள பையன் இருக்கும் வீட்டுக்கு, ஓசூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மனப்பாடம். ஒரு பக்கம் பெங்களூரு, மறுபக்கம் கிருஷ்ணகிரி தாண்டி வேலூர். லேசாக இடித்துக்கொண்டாலே முட்டி வீங்கிவிடும். ஐஸ் வைத்துக் கட்டி, ஊசியில் ‘ஃபேக்டர் எட்டு’ என்ற ரத்தம் உறையவைக்கும் புரதத்தை ஏற்ற வேண்டும். ரத்தக்கசிவு அடிக்கடி வந்தால் மூட்டு மடங்காமலே போகும். சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்று பார்க்கும் வேலையை நினைக்கவே முடியாது.

வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், நோய் கடுமையாக இருந்த 5 பேரின் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். லென்டிவைரஸ் மூலம் ஃபேக்டர் எட்டு ஜீனை அவற்றில் நுழைத்து, கீமோவுக்குப் பின் உடம்புக்கே திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வந்தது: ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக்கசிவே இல்லை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஜீன் உள்ளே போனதல்ல, வாயடைத்துப் போகாமல் இருப்பதுதான். நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்களின் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவற்றை மெத்தில் என்ற வேதிப் பூட்டுப் போட்டு செல் அடக்கி வைத்திருக்கிறது. வைரஸ் சாயலில் புதிதாக எது வந்தாலும் அதே கவனிப்புதான். மெஷின் ஷெட்டில் இறங்கிவிட்டது, கரண்ட் கனெக்‌ஷனை மட்டும் பிடுங்கிவிட்டார்கள் என்பது போன்ற நிலை.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் அப்படித்தான் ஆனது. கிருமியைக் கொல்ல முடியாத வெள்ளணுக்கள் கொண்ட இரு இளைஞர்களுக்கு 2004-இல் வைரஸ் வழி ஜீன் சிகிச்சை. ஆரம்பத்தில் நல்ல பலன். பிறகு வைரஸின் புரமோட்டரில், அதாவது ஜீனை இயக்கும் சுவிட்ச்சில், மெத்தில் ஏறியது. ஜீன் இருந்தது, புரதம் இல்லை. முதலாமவர் 2006-இல் கடும் கிருமித்தொற்றில் இறந்தார். கொடுமை என்னவென்றால், புரமோட்டர் அணைந்த பிறகும் வைரஸின் தூண்டும் பகுதி அணையவில்லை. பக்கத்திலிருந்த புற்றுநோய் ஜீனை அது கிளப்பிவிட்டது.

தீர்வு தேடியவர்கள் கோழியிடம் போனார்கள். அதன் குளோபின் ஜீனருகே உள்ள ஒரு துண்டு, அக்கம்பக்கத்து அடக்குமுறை நுழையாமல் தடுக்கிறது என்று 1993-இலேயே ஃபெல்சன்ஃபெல்ட் என்ற விஞ்ஞானியின் குழு காட்டியிருந்தது. இதற்கு இன்சுலேட்டர் என்று பெயர். ஆனால் முழு நீளத்துக்குச் சேர்த்தால் வைரஸ் விளைச்சல் குறைகிறது. செல் ஒருபோதும் அணைக்காத ஜீன்களின் முகப்பை இரவல் வாங்குவது, மெத்தில் ஒட்டும் இடங்களைக் குறைப்பது என்று வேறு வழிகளும் உண்டு.

வேலூரில் வைத்தது சிடி68 என்ற மனித ஜீனின் புரமோட்டர். மோனோசைட் வகை வெள்ளணுக்களில்தான் அது நன்றாக வேலை செய்யும். பாதுகாப்பை நினைத்தே அதைத் தேர்ந்தார்கள். வைரஸ் புரமோட்டர் போல எளிதில் அணையாதது கூடுதல் லாபம். வைரஸ் நன்றாக நுழைய ஊக்கி சேர்த்த மூவருக்கு ஃபேக்டர் அளவு 19 முதல் 40 சதவீதம். சேர்க்காத இருவருக்குச் சுமார் 5, 2.

ஐவரில் அதிகபட்சக் கண்காணிப்பே 27 மாதம்தான். உடனே வேலூருக்குக் கிளம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: இது இன்னும் ஆய்வுக் கட்டம். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஃபேக்டரை நிறுத்திவிடாதீர்கள்.