ஆண் பிள்ளைக்கும் காவல் வேண்டும்

டியூஷன் வகுப்புக்குப் போன மகள் பத்து நிமிடம் பிந்தினால் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. மகன் இருட்டிய பிறகும் வராவிட்டால், "ஆம்பிளைப் பிள்ளைதானே, வந்து விடுவான்" என்று இருந்து விடுகிறோம். மானத்துக்கு ஆபத்து பெண் பிள்ளைக்கு மட்டும்தான் என்பது நம் மனதில் ஊறிப் போன எண்ணம். ஆனால் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை, வளர்ந்தவர்கள் 17,000 பேருக்கு மேல் தம் சிறுபராயம் பற்றிக் கேட்கப்பட்டனர். பெண்களில் 25 சதவீதமானோரும், ஆண்களில் 16 சதவீதமானோரும் சிறு வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானதாகக் கூறினர். ஏறக்குறைய ஆறு ஆண்களில் ஒருவர்! இந்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்விலோ, இவ்வாறு பாதிக்கப்பட்டதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகளே.

நம் நாடும் இதற்கு விலக்கல்ல. 1980களிலும் 1990களிலும் உல்லாசப் பயணிகள் கூடும் கரையோரங்களில், வெளிநாட்டு ஆண்களின் இச்சைக்குப் பலியானோரில் பெரும்பாலோர் சிறுவர்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் சேர்க்கப்பட்டது. ஆண், பெண் என்ற பேதமின்றி இச்சட்டம் காக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. காலியில் பணியாற்றிய சிறுவர் நோய் வைத்திய நிபுணர் பேராசிரியர் ஹரேந்திர த சில்வா அதன் முதல் தலைவரானார்.

ஆனாலும் அந்நியரை மட்டும் அஞ்சினால் போதாது. கெடுதி செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார். உறவினர், அயலவர், படிப்பிப்பவர் என நாம் நம்பி அனுப்பும் எவராகவும் இருக்கலாம்.

சரி, பையன் ஏன் சொல்வதில்லை? "ஆம்பிளை அழலாமா?" என்று நாமே அவனைப் பழக்கி விட்டோம். சொன்னால் கேலி செய்வார்கள் என அஞ்சுகிறான். தொடும்போது உடல் தானாகக் காட்டிய மாற்றத்தை நினைத்து, "நானும் விரும்பினேனோ" என்று குழம்புகிறான். அது உடலின் இயல்பு, சம்மதமல்ல. இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதில்லை. இப்படியே பத்து, இருபது வருடங்கள் வாய் திறக்காமல் இருப்போர் ஏராளம். அந்த அமெரிக்க ஆய்வில், இவ்வாறு பாதிக்கப்பட்டோர் தற்கொலைக்கு முயலும் அபாயம் ஆண், பெண் இருபாலாரிடமும் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது.

மகன் திடீரென ஒருவர் வீட்டுக்குப் போக மறுக்கிறானா? மீண்டும் படுக்கையை நனைக்கிறானா? காரணமின்றிக் கோபப்படுகிறானா? படிப்பில் பின்தங்குகிறானா? இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். தனியே அழைத்து, அதட்டாமல் கேளுங்கள்.

அவன் சொல்லி விட்டால், உங்கள் முதல் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. "நீ ஏன் போனாய்? ஏன் ஓடி வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது மகன். உன் மேல் பிழையில்லை. உம்மா இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காக மூடி மறைத்தால், செய்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போவான். 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உதவும். தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் கொண்டு செல்லுங்கள்.

வளர்ந்த ஆண்களுக்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் பாதிக்கப்பட்ட ஆண்களுக்கென்றே 'சர்வைவர்ஸ் யூ.கே.' என்ற அமைப்பு 1986இல் தொடங்கியது. நம் நாட்டில் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர் தாமும் பிறரைக் கெடுப்பார் என்று எண்ணுவது பெரும் அநியாயம். பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை.

உங்கள் கணவரோ நானாவோ தம்பியோ ஒருநாள் தயங்கித் தயங்கி இப்படியொரு பழைய கதையைத் தொடங்கக் கூடும். "இத்தனை வருடம் கழித்து ஏன்?" என்று கேட்டு விடாதீர்கள். அடுப்பை அணைத்து விட்டு, பக்கத்தில் அமர்ந்து முழுவதையும் கேளுங்கள்.