நோயாளர் மொழியும் இணையவழி மருத்துவக் கல்வியும்

கொரோனாப் பெருந்தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் மருத்துவ மாணவரின் வகுப்புகளும் இணையவழிக்கு மாறின. இம்மாற்றம் எல்லாப் பயிற்சிகளையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. உடலியங்கியல், மருந்தியல் விரிவுரைகளைப் பதிவுசெய்து மீண்டும் கேட்க இயன்றது. தொட்டறிய வேண்டிய உடற்கூற்றியலோ திரைப்படிமமாகச் சுருங்கியது.

அதனினும் நுட்பமான இழப்பு மொழி சார்ந்தது. மாணவர் பயில்வது ஆங்கிலத்தில். நோயாளர் பேசுவது தமிழில். 'தலை கிறுகிறுக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது', 'கால் மதமதக்கிறது' என்பன போன்ற இரட்டைக்கிளவிகளாலும் நோயாளர் தம் துன்பத்தை உணர்த்துகின்றனர். மதமதப்பு என்பது உணர்விழப்பா, வலுக்குறைவா என்பது மேலும் வினவினால்தான் தெளிவாகும். அவ்விரண்டும் ஒன்றன்று; பிழையாகக் கொள்ளின் நோயறிதலும் பிழைபடும்.

படுக்கையருகே இம்மொழிமாற்றத்தை மாணவரே நிகழ்த்துகிறார். இணைய வகுப்பிலோ நோயாளரின் வரலாறு ஆங்கிலக் கலைச்சொற்களாக வரையறுக்கப்பட்டே அவரை வந்தடைகிறது. விடை காணும் பயிற்சி கிடைக்கிறது; வினவும் பயிற்சி கிடைப்பதில்லை.

2019இல் அறிமுகமான திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் தகவல் தொடர்புத் திறனுக்கு இடமளித்துள்ளது. வட்டார வழக்குகளோடு கூடிய நோய்க்குறிச் சொல்லகராதியும் நோயாளர் உரையாடற் பதிவுகளும் அதற்குத் துணையாதல் வேண்டும். அவற்றைத் தொகுத்தல் தமிழாய்வாளரின் கடமையுமாகும்.