மூன்று கொட்டேஷன் என்றால் மூன்று கடையா?



மசாலா அரைக்கும் மெஷின், மாவு மில் என்று குழுவாகத் தொழில் தொடங்கப் போனால், "மூணு கொட்டேஷன் கொண்டு வாங்க" என்பார்கள். நம்மில் பலர் இதை ஒரு சடங்காகத்தான் செய்கிறோம். தெரிந்த வியாபாரியிடம் சொன்னால், "ஏம்மா அலையுறீங்க, மூணையும் நானே வாங்கித் தர்றேன்" என்பார். நமக்கும் பஸ் செலவு மிச்சம். ஆனால் அந்த மூன்று தாளுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள். இரண்டில் விலையைக் கூட்டிப் போட்டு, தன் விலையைக் குறைவாகக் காட்டியிருப்பார். கடன் கட்டப்போவது அவரா, நாமா?

கொட்டேஷனில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 இடம். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடம் உரிமையாளரின் அல்லது கம்பெனியின் பான் எண். இரண்டு கொட்டேஷனில் இந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால், கடைப் பெயர் வேறானாலும் ஆள் ஒன்றுதான். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவான பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பதும் தெரியும். செல்போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. மனைவி பேரில், மச்சான் பேரில் தனி எண் வைத்திருந்தால் மட்டும் இதில் பிடிபடாது. அதற்குத்தான் கடைக்கு நேரில் போகச் சொல்வது.

ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பொருள் விற்கும் சிறு கடைகளுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயம் கிடையாது. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. வரி போட்டு வாங்கக் கூடாது. போட்டிருந்தால் கேளுங்கள்.

கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே விவரத்தை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஒருவர் 5 எச்.பி.க்கும் இன்னொருவர் 10 எச்.பி.க்கும் விலை போட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா, மிளகாய் படும் பாகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, வண்டி வாடகையும் மாட்டித் தரும் கூலியும் சேர்த்தா என்று தெளிவாக எழுதுங்கள். கட்டடத்தில் சிங்கிள் பேஸ் லைன் மட்டும் இருக்க, த்ரீ பேஸ் மெஷினை இறக்கினால் லைன் வரும் வரை அது சும்மாதான் நிற்கும். வட்டி சும்மா நிற்காது.

அவரிடம் ஒரு வருஷத்துக்கு முன் மெஷின் வாங்கிய இரண்டு பேர் விலாசம் கேளுங்கள். தரத் தயங்கினால் யோசியுங்கள். அங்கே போய், "சல்லடை கிழிஞ்சா கிடைக்குதா? ரிப்பேர்னு போன் போட்டா எத்தனை நாள்ல ஆள் வருது?" என்று விசாரியுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் போனால் போதாது, மெஷினை ஓட்டப்போகிற உறுப்பினரும் கட்டாயம் போக வேண்டும்.

முன்பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போட வேண்டாம். பில்லில் உள்ள கடைப் பெயருக்கே செக் கொடுங்கள். மீதியை, நம்ம மிளகாயைப் போட்டு அரைத்துப் பார்த்த பிறகு கொடுப்பதாகக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

விலை கூடுதலாக உள்ளவரைத் தேர்ந்தெடுத்தால், அதற்கான காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தணிக்கையில் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.