லிட்டருக்கு இரண்டு ரூபாய், தெருவுக்கு எவ்வளவு?

ஊர்க் காசு – தொடர் – 9

சென்ற வாரம் வீட்டு வரியைப் பார்த்தோம். வருடத்துக்கு இரண்டு தடவை கட்டுகிற வரி அது. ரசீது வாங்குவோம், தொகையைப் பார்த்து முணுமுணுப்போம், கவுன்சிலரைக் கண்டால் கேள்வியும் கேட்போம். இந்த வாரம் பார்க்கப்போவது அதைவிட அடிக்கடி கட்டுகிற வரி. பங்க்கில் வண்டியை நிறுத்தி, "நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே" என்று சொல்லும்போது அதைக் கட்டிவிடுகிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை.

சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிறார். விலை நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. இதில் மாநில அரசின் விற்பனை வரி இரண்டு பகுதியாக வருகிறது: மதிப்பில் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்டில் மாநில வரி குறைக்கப்பட்டபோது வந்த கணக்கு இது. இரண்டையும் கூட்டினால் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல். டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும்.

மத்திய அரசின் கலால் தீர்வை தனி. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு அது பெட்ரோலுக்கு 19 ரூபாய் 90 காசு. அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு, சிறப்புக் கூடுதல் தீர்வை 11 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு, சாலை உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய். 2025 ஏப்ரலில் சிறப்புக் கூடுதல் தீர்வையை இன்னும் 2 ரூபாய் உயர்த்தினார்கள்.

இந்தப் பட்டியலில் மாநிலங்களோடு பகிர வேண்டியது முதலில் சொன்ன 1 ரூபாய் 40 காசு மட்டுமே. செஸ்ஸும் கூடுதல் தீர்வையும் பகிர்வுக் கணக்கில் சேராது என்பது அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவு. பகிரும் தொகையில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும். அதில் தமிழ்நாட்டின் பங்கு, 15-ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி, 4.079 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் ஒரு லிட்டரின் மத்தியத் தீர்வையிலிருந்து பகிர்வாக நம் மாநிலத்துக்கு வருவது இரண்டரைக் காசுகூட இல்லை.

மாநிலம் வாங்கும் 20 ரூபாய்க்கு வருவோம். தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு இது. பெட்ரோல் வரியும் அந்தச் சொந்த வரி வருவாயில் ஒரு பகுதி. ஆகவே அந்த மில் தொழிலாளி போட்ட லிட்டரிலிருந்து ஏறத்தாழ இரண்டு ரூபாய், மாநிலத்தின் எல்லா மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளுக்கும் பொதுவாகப் போகிறது.

இரண்டு ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் அது தெருவுக்கென்று பெயர் எழுதி வருவதில்லை. தூய்மைப் பணியாளர் சம்பளம், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு மின் கட்டணம், தெருவிளக்கு, கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய பணம் என்று எல்லாம் அதே பையிலிருந்துதான். இவற்றில் எதையும் நிறுத்த முடியாது. குழியை மட்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் என்பது ஐப்பசி மழையில் போய் முடிகிறது.

வரி பிறந்த கதை

பெட்ரோல் வரிக்கும் சாலைக்கும் உள்ள உறவு புதிதல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1919-இல் காலன் ஒன்றுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. அந்நாட்டின் முதல் பெட்ரோல் வரி அதுதான், சாலைக்கென்றே போட்டது. இந்தியாவில் 1927-இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன, ஜில்லா போர்டுகளால் சாலைகளைத் தாங்க முடியவில்லை, பெட்ரோல் மீது கூடுதலாகக் காலனுக்கு இரண்டு அணா போட்டு அதைச் சாலைக்கே தனியாக வையுங்கள் என்றது குழு. 1929-இல் மத்திய சாலை நிதி பிறந்தது. எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாகிறதோ அந்த விகிதத்தில் பணம் பிரிந்தது. எரித்தவனுக்கே சாலை என்ற நேர்மையான கணக்கு.

நம் சென்னை மாகாணம் இன்னொரு காரியமும் செய்தது. 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது, உள்ளாட்சிகள் வசூலித்துவந்த சுங்கங்கள் எடுக்கப்பட்டன. அந்த வருமானம் போனதற்கு ஈடாக, வாகன வரியிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பணம் தரப்பட்டது. வண்டியிடமிருந்து வாங்கிய காசில் ஊர்ச் சாலைக்குப் பங்கு உண்டு என்பதைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே நம் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, பெட்ரோல் விற்பனை மீது மாகாணங்கள் வரி போடலாமா என்ற வழக்கு. மத்திய மாகாணம்-பேரார் என்ற மாகாணம் 1938-இல் நூற்றுக்கு ஐந்து என்று வரி போட்டது. கலால் தீர்வை எங்கள் அதிகாரம் என்றது இந்திய அரசு. புதிதாக அமைந்த ஃபெடரல் நீதிமன்றம், தலைமை நீதிபதி மாரிஸ் கொயரின் தலைமையில், மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு வருடமே ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் மோட்டார் எரிபொருள் விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது விற்பனை வரி மாநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அப்போது சென்னை முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. 2017-இல் ஜிஎஸ்டி வந்து மாநிலங்களின் விற்பனை வரி அதிகாரத்தில் பெரும்பகுதி போன பிறகும் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிற்கின்றன. மாநிலம் தானே விகிதம் தீர்மானிக்கக்கூடிய பெரிய வரிகளில் எஞ்சியிருப்பவற்றில் இது ஒன்று. ஊர்த் தெருவுக்காக எதையாவது ஒதுக்க மாநிலம் நினைத்தால், டெல்லியைக் கேட்காமல் இந்தப் பணத்திலிருந்து ஒதுக்கலாம்.

செஸ் போகும் வழி

சாலை செஸ் என்று லிட்டருக்கு ஐந்து ரூபாய் தருகிறோமே, அது நம் தெருவுக்கு வராதா என்று வாசகர்கள் கேட்கலாம். 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் டீசல் செஸ்ஸில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கியது. அந்தப் பணத்தில்தான் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் ஓடியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்குத் தார்ச் சாலை வந்தது அதனால்தான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அது ஊரை இணைக்கும் சாலை. ஊருக்குள் இருக்கும் தெருவைத் தொடாது. போட்ட ஒப்பந்தக்காரர் ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும். ஆறாவது வருடம் அது உள்ளூரின் தலையில் விழுகிறது. 2018-இல் சட்டத்தைத் திருத்தி, நிதியின் பெயரோடு உள்கட்டமைப்பு என்ற சொல்லையும் சேர்த்தபோது எரிசக்தி, தண்ணீர், தகவல் தொடர்பு எல்லாம் அதற்குள் வந்தன. சாலைப் பணத்துக்குப் பங்காளிகள் கூடிவிட்டார்கள்.

மாநிலச் சாலைகளுக்கான பங்கைப் பிரிக்கும் முறையும் மாறியது. முதலில் எரிபொருள் பயன்பாட்டுக்கு 60 சதவீத எடை, பரப்பளவுக்கு 40. பிறகு பயன்பாட்டுக்கு 30, பரப்பளவுக்கு 70. வண்டிகள் நெருக்கமாக ஓடும் தமிழ்நாட்டுக்கு இந்த மாற்றம் சாதகமானதல்ல.

குழி யாருடையது?

ராஜபாளையத்தில் தெருவில் குழி விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது, அது யாருடைய சாலை என்பதுதான். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போவது 744 என்ற எண்ணுள்ள தேசிய நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலைகள் வேறு. ஒன்றியச் சாலைகள் வேறு. அதற்கும் கீழே நகராட்சித் தெரு, சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம் போன்ற பேரூராட்சித் தெரு, சோழபுரம் போன்ற ஊராட்சித் தெரு. மேலே உள்ள சாலைக்குப் பணம் வர வழி இருக்கிறது. கீழே போகப் போக வழி குறுகுகிறது. ஆனால் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் தளவாய்புரத்துத் தையலும் வண்டியில் ஏறுவது கீழே உள்ள தெருவில்தான்.

தெருவை நசுக்குவது எது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை ஒரு விதியைக் காட்டியது. அச்சின் மீதான பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. ஜல்லி ஏற்றிய ஒரு லாரி ஊர்த் தெருவில் திரும்பினால், ஆயிரக்கணக்கான பைக்குகள் செய்யாத சேதத்தை அது செய்கிறது. டீசல் வரியிலிருந்தும் தெருவுக்குப் பங்கு கேட்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

குழியை அடைப்பது எப்படி என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குழியைச் சுற்றி உதிர்ந்த ஓரத்தைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். தேங்கிய தண்ணீரையும் மண்ணையும் அள்ளி, பள்ளம் காயும்வரை பொறுக்க வேண்டும். அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மெல்லிய தார் பூச வேண்டும். பிறகு தார் கலந்த ஜல்லியைச் சற்று மேடாகக் கொட்டி, ரோலர் விட்டுத் தெரு மட்டத்துக்கு அமுக்க வேண்டும். அரை நாள் வேலை. இதில் வெட்டுவதையும் காய வைப்பதையும் விட்டுவிட்டு ஈரக் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டினால், முதல் மழைக்குப் பெயர்ந்துவிடும். சரியாகச் செய்ய ஒவ்வொரு ஊரிலும் ஆள், ஒரு சின்ன ரோலர், வருடம் முழுக்கக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். நம்மிடம் இல்லாதது அந்தக் கொஞ்சப் பணம்தான்.

அது இல்லாததால் ஒன்று நடக்கிறது. தெரு முழுதும் பாழாகும்வரை காத்திருந்து, ஏதாவது திட்டத்தில் பெரிய தொகை வரும்போது பழைய தாருக்கு மேலேயே புதிய தார் போடுகிறோம். தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது, மழை வாசலுக்குள் வருகிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவை உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது நீங்கள் நினைவூட்டலாம்.

ஐம்பது காசு

இனி என் கோரிக்கை. மாநிலம் ஏற்கெனவே வாங்கும் எரிபொருள் வரியில் லிட்டருக்கு ஐம்பது காசை, வரியை ஏற்றாமல், உள்ளாட்சித் தெருப் பராமரிப்புக்கென்று சட்டத்தால் தனியாக வைக்க வேண்டும். புதுச் சாலைக்குத் தொடக் கூடாது. குழிக்கும் வடிகாலுக்கும் மட்டும்.

இது எவ்வளவு பணம்? 2021-இல் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் சொன்னார். அந்தக் கணக்கில் ஐம்பது காசு என்பது பெட்ரோலில் மட்டும் ஆண்டுக்கு 190 கோடிக்கு மேல். டீசலைச் சேர்த்தால் இன்னும் கூடும். முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். கிலோமீட்டருக்கு 40 லட்சம். போட்ட சாலை சீக்கிரம் கெடாமல் காக்க அதில் சிறு பங்கு போதும் என்பதை எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார்.

நிதித்துறையில் எதிர்வாதம் உண்டு. வரியைத் தனித்தனியாகக் கட்டி வைத்தால் சத்துணவுக்கும் மருத்துவமனைக்கும் எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இருபது ரூபாயில் பத்தைக் கேட்கவில்லை. ஐம்பது காசு போனாலும் மீதி முழுவதும் பொதுப் பணத்தில்தான் இருக்கும்.

தனியாக வைத்தாலும் காவல் இல்லாவிட்டால் பணம் நகர்ந்துவிடும். பிரிட்டனில் சாலைக்கென்று வைத்த நிதியில் 1926-இல் நிதியமைச்சர் சர்ச்சில் கை வைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்தார். கலிபோர்னியா 2017-இல் பெட்ரோல் வரியை உயர்த்தியபோது ஒரு நிபந்தனை வைத்தது. பங்கு வேண்டுமென்றால், எந்தெந்தத் தெருவில் வேலை என்ற பட்டியலை நகரமன்றம் வெளிப்படையாகத் தீர்மானமாக நிறைவேற்றி ஒவ்வொரு வருடமும் அனுப்ப வேண்டும். நகரம் ஏற்கெனவே சாலைக்குச் செலவழித்த தன் பணத்தைக் குறைக்கவும் கூடாது. பக்கத்துக் கேரளத்திலும் உள்ளாட்சிகளுக்குப் பராமரிப்பு நிதி தனியாக வருகிறது. சாலைக்கு ஒரு பகுதி, மற்றவற்றுக்கு ஒரு பகுதி.

நமக்கும் அப்படி ஒரு பட்டியலை வெளிப்படையாக வைக்க இடம் தயாராக இருக்கிறது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் தொடங்கியிருக்கின்றன. ஆகஸ்ட் 15 கூட்டத்தில், மழைக்கு முன் அடைக்க வேண்டிய குழிகளின் பட்டியலைத் தெருப் பெயரோடு வாசிக்கட்டும். அடுத்த ஜனவரி 26 கூட்டத்தில், எது முடிந்தது, வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கில் எவ்வளவு எழுதினார்கள் என்பதை வாசிக்கட்டும். நாள் குறித்துப் பலர் பார்க்க நடக்கும் வேலை தட்டிப்போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ரத வீதிகளை அதிகாரிகள் நடந்து பார்ப்பதில்லையா? எல்லாத் தெருவுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும்.

விருதுநகர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. கேட்கும் உரிமையும் உண்டு.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருடம் மாநில நிதிப் பங்காக நம் ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு? அதில் தெருப் பராமரிப்புக்குப் போனது எவ்வளவு? மழைக்கு முன் அடைக்கும் குழிகளின் பட்டியல் எங்கே? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சோழபுரத்தில் ஒருவர் கேட்டால் அது ஒரு புகார். ராஜபாளையம் ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாம் ஒரே நாளில் கேட்டுத் தீர்மானம் போட்டால், சட்டமன்றத்தில் அதை எழுப்ப நம் உறுப்பினருக்கு ஒரு காகிதக் கட்டு கிடைக்கும். ஐம்பது காசுக்கான போராட்டம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

(அடுத்த வாரம்: குழாய்க்காகத் தோண்டிய தெரு – மூடுவதற்குக் கட்டிய பணம் எங்கே?)