கொள்ளைநோய்க் காலத்தில் கிரிக்கெட் ஆடலாமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

உடல் நலத்திற்காக ஏற்பட்டதே விளையாட்டு. அந்த விளையாட்டே நோய் பரவும் வாயிலாகிவிட்டால் என்ன செய்வது? 2020-ஆம் ஆண்டு கொரோனா உலகெங்கும் பரவியபோது எழுந்த கேள்வி இது. அப்போது நான் பள்ளி மாணவன். மார்ச் 29-ஆம் நாள் தொடங்கவிருந்த ஐ.பி.எல். பந்தயங்கள் ஒத்தி வைக்கப்பட்டன. நமது திருநெல்வேலி சங்கர் நகர் மைதானம் 2016 முதல் கண்டுவந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) அந்த ஆண்டு நடைபெறவேயில்லை. இன்று அந்த வாதங்கள் ஓய்ந்துவிட்டன. ஆயினும் இன்னொரு கொள்ளைநோய் வரவே வராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆகவே அன்று நடந்தவற்றை அமைதியாக ஆராய்வது நலம் எனக் கருதுகிறேன்.

ஏன் ஆட வேண்டும்?

"ஊரே நோயில் கிடக்கும்போது ஆட்டம் எதற்கு?" என்று கேட்பது எளிது. ஆனால் தொழில்முறை கிரிக்கெட் பொழுதுபோக்கு மட்டுமன்று. பலருக்கு அது பிழைப்பு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் நடராஜன். 2020 ஐ.பி.எல். பந்தயங்களில் அவர் வீசிய யார்க்கர் பந்துகளே அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றன. வலைப்பயிற்சியில் பந்து வீசச் சென்றவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் இந்திய அணிக்காக அறிமுகமானார். அந்த ஐ.பி.எல். நடவாதிருந்தால் அவருக்கு இந்த வாய்ப்பு எப்போது வாய்த்திருக்குமோ! புகழ் பெற்ற வீரர்கள் ஓராண்டு ஆடாவிட்டாலும் சமாளித்துக்கொள்வார்கள். ஆடுகளத்தை உருட்டுபவர், சாமான் சுமப்பவர், சமையற்காரர் ஆகியோரால் முடியுமா? வேலை நின்றால் அடுப்பு அணையும் வீடுகளை நம்மில் பலர் அறிவோம்.

கிருமி நுழையும் வழி

கிரிக்கெட் திறந்த வெளியில் ஆடப்படுவது. காற்றோட்டம் மிகுந்த இடத்தில் இந்நோய் பரவுவது குறைவு. உண்மையான ஆபத்து மைதானத்தைவிட, உடை மாற்றும் அறை, பேருந்து, உணவுக்கூடம், விமான நிலையம் ஆகிய மூடிய இடங்களில்தான் மிகுதி.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கிருமி உடலில் புகுந்த முதல் ஓரிரு நாட்களில் பரிசோதனை செய்தால் 'நோய் இல்லை' என்றே பெரும்பாலும் முடிவு வரும். ஆகையால் ஒரே ஒரு பரிசோதனையை நம்பி ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்தல் ஆகாது. சில நாட்கள் தனித்திருக்கச் செய்து, மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே சேர்க்க வேண்டும். இவ்வாறு தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் ஓரிடத்தில் வைத்து, வெளியார் தொடர்பை அறுத்து நடத்தும் ஏற்பாட்டையே 'பயோ பபிள்', அதாவது பாதுகாப்புக் குமிழி என்றார்கள்.

இரண்டு பருவங்கள், இரண்டு முடிவுகள்

2020 ஐ.பி.எல். ஐக்கிய அரபு நாடுகளில் செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை நடைபெற்றது. வந்திறங்கியவர்கள் தனிமையில் வைக்கப்பட்டு முதலாம், மூன்றாம், ஆறாம் நாட்களில் சோதிக்கப்பட்டனர். பின்னர் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை சோதனை. தொடங்குமுன்பே சென்னை அணியைச் சேர்ந்த பதின்மூவருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவர்கள் பிரித்து வைக்கப்பட்டார்கள். துபாய், அபுதாபி, சார்ஜா ஆகிய மூன்றே மைதானங்கள். அணிகள் சாலை வழியாகவே சென்று வந்தன. அறுபது ஆட்டங்களும் முடிந்தன.

2021-இல் பந்தயம் இந்தியாவில் ஏப்ரல் 9 அன்று தொடங்கியது. முதலில் சென்னையும் மும்பையும், பின்னர் அகமதாபாத்தும் டெல்லியும். அணிகள் விமானத்தில் ஊர்விட்டு ஊர் சென்றன. வெளியே இரண்டாம் அலை பொங்கியது. மே தொடக்கத்தில் நாடெங்கும் ஒரே நாளில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவாயிற்று. மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்ரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் நோய் உறுதியானது. சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜியும் தப்பவில்லை. மறுநாளே பந்தயம் நிறுத்தப்பட்டது. அப்போது முடிந்திருந்தவை 29 ஆட்டங்களே.

இரு முறையும் ஆடியது ஐ.பி.எல். தான், குமிழி என்ற ஏற்பாடும் இரு முறையும் இருந்தது. முடிவு மட்டும் ஏன் மாறியது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். குமிழிக்குள் வெளியிலிருந்து 200 பேர் வந்து பணிபுரிவதாக வைத்துக்கொள்வோம். வெளியே ஆயிரத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால், இந்த 200 பேரில் ஒருவரிடம்கூடக் கிருமி இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். இருபதில் ஒருவருக்கு நோய் என்றால், சுமார் பத்துப் பேர் கிருமியோடு வாயிலில் நிற்பார்கள்! இரண்டிலும் காவற்காரர் ஒருவரே, வாயிலும் ஒன்றே. வேறுபாடு ஊரில் இருக்கிறது.

பிற நாடுகளில்

2020 ஜூலையில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் மீண்டும் டெஸ்ட் ஆடின. மைதானத்திலேயே ஓட்டல் அமைந்திருந்த சவுதாம்ப்டன், மான்செஸ்டர் என்ற இரு இடங்கள் போதுமாயின. இடையில் தம் வீட்டிற்குச் சென்று வந்த ஜோப்ரா ஆர்ச்சர் இரண்டாவது டெஸ்டிலிருந்து நீக்கப்பட்டார்.

அமெரிக்காவில் அதே மாதம் கூடைப்பந்து வீரர்கள் ஆர்லாண்டோ நகரில் ஒரே வளாகத்தில் தங்கி ஆடி, பருவத்தை இனிதே முடித்தார்கள். பேஸ்பால் அணிகளோ குமிழியின்றி நகருக்கு நகர் பயணம் செய்தன. தொடங்கிய சில நாட்களிலேயே மியாமி அணியில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்கள் நோயுற்றனர். பல ஆட்டங்கள் தள்ளிப்போயின. வழக்கமாக 162 ஆட்டங்கள் கொண்ட பருவம் அறுபதாகச் சுருங்கியது.

நின்றுபோன நமது ஐ.பி.எல். 2021 செப்டம்பர் 19 அன்று மீண்டும் ஐக்கிய அரபு நாடுகளில் தொடர்ந்தது. மூன்றாம் நாள் கழிந்து, செப்டம்பர் 22 அன்று, மேலே சொன்ன அதே நடராஜனுக்கு நோய் கண்டறியப்பட்டது. அவரோடு நெருங்கிப் பழகிய ஆறு பேர் உடனே தனிமைப்படுத்தப்பட்டனர். மற்ற அனைவரையும் அதிகாலையில் சோதித்து, நோயில்லை எனக் கண்டு, அன்றிரவே ஆட்டத்தை நடத்தினார்கள். பாதுகாப்பு என்பது ஒருவருக்கும் நோயே வராதிருப்பது அன்று. வந்த ஒன்று இரண்டாகப் பெருகாமல் தடுப்பதே என்பதற்கு இது நல்ல சான்று.

யாருக்குப் பாதுகாப்பு?

இங்கே ஒரு கேள்வியை நாம் மறைக்கலாகாது. வீரர்களைக் காத்துவிட்டால் போதுமா? 2021 ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் அலைந்தார்கள். நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் ஆய்வுக்கான நிலையமே மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்ஸிஜன் அனுப்பும் நிலை வந்தது. அத்தகைய நேரத்தில் ஓர் ஆட்டத்திற்காக நிறுத்தப்படும் ஆம்புலன்ஸ், செலவிடப்படும் பரிசோதனை, அமர்த்தப்படும் மருத்துவர் எல்லாம் யாருக்கோ கிடைக்காமற் போனவையாகலாம். குடும்பத்தார் நோயுடன் போராடுகையில் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்று அஸ்வின் பந்தயத்தின் நடுவிலேயே விலகினார். அவருடைய முடிவு பலரையும் சிந்திக்க வைத்தது.

முடிவாக

கொள்ளைநோய்க் காலத்திலும் ஆடலாம். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, ஊரில் நோய் இறங்குமுகத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இடமும் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டம் ஓரிடத்தில் நடக்க வேண்டும், பயணம் கூடாது. மூன்றாவது, நட்சத்திர வீரருக்குச் செய்யும் பரிசோதனையும் தனிமைக் காலச் சம்பளமும் பேருந்து துடைப்பவருக்கும் கிடைக்க வேண்டும். கூலி போய்விடுமென்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். அவர் மறைத்தால் எந்தக் குமிழியும் நில்லாது.

2021-இல் டி.என்.பி.எல். ஜூலை 19 முதல் ஆகஸ்ட் 15 வரை சேப்பாக்கம் என்ற ஒரே மைதானத்தில் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் அணி நெல்லையில் ஒரு பந்தும் வீசாமலே அத்தொடரை ஆடியது. நமக்கு அது ஏமாற்றந்தான். ஆனால் சரியான முடிவு. தடுப்பூசி பரவலாகச் சென்று சேர்ந்த பின், 2022 ஜூன் 23 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டமே நமது சங்கர் நகரில் நடைபெற்றது. சமனில் முடிந்த அந்த ஆட்டத்தைச் சூப்பர் ஓவரில் நெல்லை வென்றது. பொறுத்திருந்த ஊருக்கு அது நல்ல பரிசு.